படம் நடுங்காதிருக்க ஒரு முக்காலி

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 24-ஆம் நாள் வல்லார்பாடத்தம்மையின் திருவிழா. மட்டாஞ்சேரியிலும் எறணாகுளத்திலும் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களிற் பல, சமய வேறுபாடு கருதாமல், அந்நாட்களில் அத்தீவுக்குச் சென்று வருகின்றன. சென்றவர் எவரும் வெறுங்கையோடு திரும்புவதில்லை. கைபேசி நிறைய வீடியோ எடுத்துக்கொண்டே திரும்புகிறார்கள். கோயில் முற்றத்தை விளக்குமாற்றால் பெருக்கும் நேர்ச்சை, மெழுகுவத்திகளின் வரிசை, காயலின் விரிவு, கடைத்தெருவில் பலூனுக்கு அழும் பிள்ளை ஆகிய எல்லாம் அதில் உண்டு. அன்றிரவே அவை திருநெல்வேலியிலுள்ள தாத்தாவுக்கும் துபாயிலுள்ள தம்பிக்கும் அனுப்பப்படுகின்றன.

அவர்கள் அவற்றைப் பார்த்தார்களா? கேட்டால், "பார்த்தோம், நன்றாயிருந்தது" என்பார்கள். பத்து வினாடிக்கு மேல் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது நம் துணிபு. அது அவர்கள் குற்றமன்று. தரை எழும்புகிறது; கோபுரம் சாய்கிறது; பாட்டியின் முகம் தோன்றும்போதே மறைகிறது. அலைகடலில் தோணியேறியவர் போலப் பார்ப்பவர்க்குத் தலை சுற்றுகிறது. இதற்கு மருந்து மிக எளிது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு முக்காலியே அது. கடைக்காரரிடம் டிரைபாட் என்று கேட்டால் எடுத்துத் தருவார். இத்துணை மலிவான பொருளை நம்மவர்கள் ஏன் வாங்குவதில்லை என்பது நமக்கு விளங்காத புதிராகவே உளது. கைபேசிக்கோ முப்பதாயிரம் ரூபாய் கொடுக்கத் தயங்குவதில்லை!

கை ஏன் நடுங்குகிறது என்பதை முதலில் அறிந்துகொள்வோம். முதுமையோ நோயோதான் காரணம் என்று எண்ண வேண்டா. நல்ல உடல்நலமுள்ள இளைஞன் கையை நீட்டிப் பிடித்தாலும், அது வினாடிக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை வரை கண்ணுக்குத் தெரியாத அளவில் நடுங்கிக்கொண்டேயிருக்கும். தசையின் இயல்பு அது. அதனோடு மூச்சின் ஏற்றவிறக்கமும் நாடித் துடிப்பும் சேர்கின்றன. தொலைவிலுள்ள பொருளைப் பெரிதாக்கி எடுக்கும்போது இந்த நடுக்கமும் அதே அளவு பெருகிவிடுகிறது. ஐந்து மடங்கு நெருங்கிவந்த கோபுரம் ஐந்து மடங்கு ஆடும்.

"இக்காலத்துக் கைபேசியே நடுக்கத்தைத் திருத்திக்கொள்ளுமே" என்று கூறும் அன்பர்கள் உளர். உண்மைதான், ஓரளவு திருத்தும். ஆயினும் பெரும்பாலான கைபேசிகள் படத்தின் விளிம்புகளை வெட்டியெறிந்து, எஞ்சிய நடுப்பகுதியை அப்படியும் இப்படியும் நகர்த்தியே அசைவை மறைக்கின்றன. பகலில் இந்த வித்தை நன்கு நடைபெறும். மெழுகுவத்தி ஒளியில், இரவு வாணவேடிக்கையில், வீட்டுக்குள் மங்கிய விளக்கில் இது தோற்றுவிடும். குறைந்த ஒளியில் ஒவ்வொரு சட்டப்படமும் பதிவாக நெடுநேரம் எடுப்பதால், நகர்வு படத்திலேயே தீற்றலாகப் படிந்துபோகிறது. படிந்த தீற்றலை எந்தக் கணக்கும் நீக்காது.

மற்றொரு காரணமும் உண்டு. நம்மவருள் பலர் இதை அறியார். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது வீடியோ சுருக்கப்படுகிறது. சுருக்கும் முறை என்னவென்றால், முந்திய சட்டப்படத்திற்கும் அடுத்ததற்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் குறித்துக்கொள்வதாம். நம் அலுவலகத்தில் மாதந்தோறும் முழுப் பதிவேட்டையும் திருப்பி எழுதாமல் மாறுதல்களை மட்டும் எழுதுவது போல என்று வைத்துக்கொள்ளலாம். பின்னணி அசையாதிருந்தால் மாறுதல் சிறிது; ஆகவே முகம் தெளிவாகப் பதிவாகும். கை நடுங்கினால் சுவர், தூண், தென்னை எல்லாமே வினாடிதோறும் மாறியவையாகக் கணக்கில் ஏறும். ஒதுக்கப்பட்ட அளவோ ஒன்றுதான். ஆதலின் தாத்தாவின் கைபேசியை அடையும்போது பேத்தியின் முகம் கட்டங்கட்டமாகச் சிதைந்திருக்கிறது. முக்காலியில் நிறுத்தி எடுத்த படம் அதே வழியிற் சென்றாலும் துலக்கமாய்ப் போய்ச் சேரும்.

அஃதென்ன மூன்று கால்? நான்கு கால் இன்னும் உறுதியன்றோ என்று ஐயுறலாம். நம் அலுவலகத்தில் நான்கு கால் விசிப்பலகை ஒன்று உளது. நான்காண்டுகளாக அதன் ஒரு காலின் கீழ்ப் பழைய பயணச்சீட்டு அட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருக்கிறோம், இன்றும் ஆடுகிறது. மூன்று புள்ளிகள் எங்கிருந்தாலும் அவற்றின் வழியே ஒரு தளம் அமைந்தே தீரும். ஆகவே மேடுபள்ளமான தரையிலும் மூன்று கால்களும் ஒருங்கே ஊன்றும். அடுப்புக்கு மூன்று கல் வைத்த நம் பாட்டிமார் இதை எந்தப் பள்ளியிலும் கற்கவில்லை. நில அளவையாளரின் கருவிகளும், இருப்புப்பாதை போடுமுன் மட்டம் பார்க்கும் பொறியாளரின் கருவியும் மூன்று காலிலேயே நிற்கின்றன.

சலனப்படமும் பிறந்த நாள்தொட்டு மூன்று காலிலேயே நின்றது. பிரான்சு நாட்டு லூமியேர் உடன்பிறந்தார் 1895-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் பாரிசு நகரில் கட்டணம் பெற்றுத் தம் படங்களைக் காட்டினர். அவர்கள் எடுத்தவற்றுள் உலகறிந்தது, லா சியோட்டா நிலையத்தில் புகைவண்டி வந்து நிற்கும் காட்சி. ஏறக்குறைய ஐம்பது வினாடியே ஓடும். நடைமேடையில் முக்காலி மேல் கருவி அசையாது நிற்கிறது. வண்டி தொலைவில் புள்ளியாகத் தோன்றி, வளர்ந்து, நம்மைக் கடந்து போகிறது. மக்கள் இறங்குகிறார்கள், ஏறுகிறார்கள். அசைவனவெல்லாம் உலகத்துக்கு உரியவை. பார்ப்பவர் கண்ணுக்கு ஓர் அலைக்கழிப்பும் இல்லை. 1896 ஜூலை 7-இல் பம்பாயின் வாட்சன் ஓட்டலில் இந்தியாவின் முதற் படக்காட்சி நடந்தபோது இப்படமும் காட்டப்பட்டது. இருப்புப்பாதை ஊழியராகிய நாம் இதை எத்தனை முறை பார்த்தோம் என்பதற்குக் கணக்கில்லை.

அதே லூமியேர் நிறுவனத்துக்காக உலகஞ்சுற்றிய புரோமியோ என்பவர், 1896-இல் வெனிசு நகரில் ஒரு புதுமை செய்தார். முக்காலியைத் தோணியில் நிறுத்திப் பெருங்கால்வாய்க் கரையின் மாளிகைகளை எடுத்தார். கருவி தோணியோடு ஒட்டி நின்றது. தோணி அமைதியான நீரில் வழுக்கிச் சென்றது. திரையில் மாளிகைகள் ஊர்வலம் போல நகர்ந்தன. காயலோரத்தில் வாழும் நமக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் வேறில்லை.

தென்னாட்டிற்குச் சலனப்படத்தை ஊரூராகக் கொண்டு சென்றவரும் இருப்புப்பாதைக்காரரே என்பதை இங்குச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. திருச்சிராப்பள்ளியில் தென்னிந்திய ரயில்வேயில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் டுபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியை வாங்கி, வேலையை விட்டுவிட்டுக் கூடாரத்தோடு புறப்பட்டார். பின்னர்க் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்னும் படக்கொட்டகையை நிறுவினார். வேலையை விடும் துணிவு நமக்கில்லை. விடுமுறை நாட்களே போதும்.

இரட்டை வேடப் படங்களைப் பார்த்து வியந்திருப்பீர்கள். 1958-இல் வந்த 'உத்தமபுத்திரன்' படத்தில் சிவாஜி கணேசன் இரு வேடம் தாங்கினார். ஒளிப்பதிவு செய்தவர் கோழிக்கோட்டில் பிறந்த வின்சென்ட் (முன்னர்ச் சொன்ன வின்சென்ட் வேறு, இவர் வேறு). அக்காலத்தில் இவ்வகைக் காட்சிக்கு வழக்கமான முறை, வில்லையின் பாதியை மறைத்து ஒரு பக்கத்தை எடுத்துவிட்டு, படச்சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, மற்றப் பாதியை எடுப்பதாகும். இரண்டு முறைக்கும் இடையே கருவி மயிரிழை அசைந்தாலும் நடுவே கோடு விழுந்து குட்டு வெளிப்பட்டுவிடும். முக்காலி அங்கு வெறுந்தாங்கியன்று. பாதி மாயமே அதுதான்.

இனி வல்லார்பாடத்துக்கு வருவோம். அங்கு முக்காலி நிறுத்துவதற்குச் சில தனிப் பழக்கங்கள் வேண்டும். காயலோரத்து மண் இளகிய சேறு. மூன்று கால்களும் ஒரே அளவில் அமிழ்வதில்லை. ஐந்து நிமிடத்தில் அடிவானம் சாய்ந்திருக்கும். ஒவ்வொரு காலின் கீழும் ஒரு தேங்காய் மட்டையைக் கவிழ்த்து வைத்தால் போதும்; தீவில் மட்டைக்குப் பஞ்சமில்லை. கடற்காற்று பிற்பகலில் வலுக்கும். அப்போது நடுத்தண்டின் கொக்கியில் சோற்றுப்பையையோ தண்ணீர்க் குடுவையையோ தொங்கவிட வேண்டும். பை காற்றில் ஊஞ்சலாடினால் பயனில்லை. அதன் அடி தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும். உயரம் வேண்டின் முதலில் கால்களின் தடித்த கணுக்களை நீட்டுக. நடுத்தண்டை உயர்த்துவது கடைசி வழி. உயர்த்திய தண்டின் மேல் நிற்கும் கைபேசி, ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கு. மூன்று கால்களுள் ஒன்று எடுக்கும் பொருளை நோக்கி முன்னே நிற்க, மற்ற இரண்டின் நடுவே நாம் நின்றால், காலிடறிக் கருவியைச் சாய்க்க மாட்டோம். சரிவான கரையில் ஒரு கால் மேட்டுப் பக்கமும் இரு கால்கள் தாழ்வான பக்கமும் இருக்க வேண்டும்.

கோஸ்ரீ பாலங்களின் மேல் நின்று எடுக்க ஆசைப்படுவோர் பலர். காட்சி அழகியதே. ஆனால் கண்டெய்னர் ஏற்றிய பெருவண்டி ஒன்று கடக்கும்போது பாலமே அதிர்கிறது. முக்காலி அவ்வதிர்ச்சியைச் சிறிதும் குறைக்காமல் கைபேசிக்கு ஏற்றிவிடுகிறது. மிதக்கும் படகுத்துறையிலும் அவ்வாறே. டீசல் எந்திரப் படகில் முக்காலியை நிறுத்துவது வீண். அங்கு முழங்கைகளை விலாவோடு ஒட்டிக் கையில் பிடிப்பதே மேல், உடலே அதிர்ச்சியை விழுங்கிக்கொள்ளும். 2023-இல் ஓடத் தொடங்கிய வாட்டர் மெட்ரோவின் மின்கலப் படகுகள் மிகவும் மெல்லச் செல்கின்றன. வெனிசு நகரத்துப் புரோமியோ இருந்திருந்தால் அவற்றையே விரும்பியிருப்பார். எனினும் பயணிகளின் வழியில் மூன்று காலை விரிப்பதற்குப் படகு ஊழியரின் இசைவு வேண்டும். திருவிழாக் கூட்டத்திலும் அப்படியே. நேர்ச்சைக்கு வந்த முதியவர் ஒருவர் நம் முக்காலியில் இடறி விழுவதற்கு எந்தப் படமும் ஈடாகாது. அங்கு ஒற்றைக்கால் தாங்கியே தகும். அல்லது சுவரோரத்தில், கால்களைக் குறுக்கி, முழங்கால் உயரத்தில் நிறுத்தலாம். முற்றம் பெருக்கும் கைகளை அவ்வுயரத்திலிருந்து பார்ப்பது தனி அழகு.

முக்காலிக்காகவே படைக்கப்பட்டது போன்றது சீனவலை. தலைக்கு மேல் எழும் மரக்கழிகள், மறுமுனையில் கயிற்றில் தொங்கும் கற்கள், இழுக்கும் நாலைந்து பேர். வலை தாழ்கிறது; நீரில் சில நிமிடம் தங்குகிறது; சொட்டச் சொட்ட எழுகிறது. நம்மவர்கள் ஐந்து வினாடி எடுத்துவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடுகிறார்கள். ஒரு முறை முக்காலியை நிறுத்தி, வலை தாழ்வது முதல் மீன் அள்ளுவது வரை கை வைக்காமல் இருந்து பாருங்கள். ஒன்றும் நிகழாத அந்த நடுநேரத்தில்தான் காகம் வந்து கழியில் அமரும். வலைக்காரர் பீடி பற்றவைப்பார்.

நமக்கு உகந்த காட்சி வேறொன்று. இடப்பள்ளியிலிருந்து வல்லார்பாடத்துக்குக் காயலைக் கடந்து வரும் இருப்புப்பாதைப் பாலம் 4.62 கிலோமீட்டர் நீளமுடையது. 2011-இல் திறக்கப்பட்டது முதல், 2018-இல் அசாமில் போகிபீல் பாலம் திறக்கப்படும் வரை, இந்தியாவின் மிக நீண்ட இரயில் பாலம் இதுவே. துறைமுகச் சரக்கு வண்டிகளுக்கென அமைந்த பாதை. வண்டி மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்லுமாயின் பாலத்தைக் கடக்க ஏறத்தாழ 14 நிமிடம் ஆகும். அக்கரையில் தொலைவாக நின்று, பாலம் முழுவதும் சட்டத்துக்குள் அடங்குமாறு வைத்து, வண்டி ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் மறையும் வரை எடுத்தால் அது லூமியேரின் படத்துக்குத் தம்பியாகும். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பாதையருகிலோ பாலத்தின் மேலோ முக்காலியோடு எவரும் ஏறலாகாது. இரயில்வே சட்டம் 1989-இன் 147-ஆம் பிரிவின்படி அத்துமீறி நுழைதல் தண்டனைக்குரியது. தண்டனையைவிடப் பெரிது உயிர். துறைமுக வேலிக்குள்ளும் இசைவின்றிப் படமெடுக்கலாகாது.

முக்காலியின் தலையைத் திருப்பி எடுப்பது தனிக் கலை. 1940-களிலேயே ஆஸ்திரேலியாவின் மில்லர் நிறுவனத்தார் திரவத்தின் தடையால் மெல்லத் திரும்பும் தலையை உருவாக்கினர்; இன்றும் நல்ல தலைகள் அம்முறையினவே, விலையும் அதற்கேற்பவே. மலிவான தலை விட்டுவிட்டுத் திரும்பும். ஆகவே கூடியவரை திருப்பாமலிருப்பதே நலம். திருப்பித்தான் ஆக வேண்டுமெனின், முடியவேண்டிய திசையை நோக்கிப் பாதங்களை ஊன்றி, இடுப்பை மட்டும் தொடக்கத்துக்கு முறுக்கி, பிறகு மெல்ல அவிழ வேண்டும். சட்டத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு ஒரு பொருள் செல்ல ஏழு வினாடியாவது ஆகவேண்டும் என்பது தொழிலாளர் வழக்கு. தொடங்குமுன்னும் முடித்த பின்னும் பத்து வினாடி அசையாதிருத்தல் வேண்டும்.

இவையெல்லாம் தொழில் நுணுக்கம். இவற்றினும் மேலான பயன் ஒன்று முக்காலிக்கு உண்டு. நின்ற இடத்திலேயே மறுபடியும் நிற்கலாம் என்பதே அது. வல்லார்பாடத்தைப் பாருங்கள். 2004-இல் கோஸ்ரீ பாலங்கள் திறக்கும் வரை படகின்றி அத்தீவுக்குப் போக்குவரத்தில்லை. பின்னர்த் துறைமுகத்துக்கான சாலைக்கும் இருப்புப்பாதைக்குமாக 2008 பிப்ரவரியில் பக்கத்து மூலம்பிள்ளியில் வீடுகள் இடிக்கப்பட்டன. அத்திட்டத்தால் குடிபெயர்க்கப்பட்ட குடும்பங்கள் மொத்தம் 316. 2011-இல் கொள்கலன் முனையம் வந்தது. ஏழாண்டுக்குள் ஒரு நிலப்பரப்பின் முகமே மாறிற்று. ஒரே இடத்தில், ஒரே உயரத்தில், ஒரே திசையில் முக்காலியை நிறுத்தி ஆண்டுக்கு ஒரு நிமிடம் எவரேனும் எடுத்து வைத்திருந்தால், இன்று அது எத்துணைப் பெரிய செல்வம்! நம் வீட்டு முற்றத்துக்கும் தெருவுக்கும் இதுவே பொருந்தும். மதகின் கல், மின்கம்பத்தின் எண் என ஏதேனும் ஓர் அடையாளத்தைக் குறித்துவைத்துக் கொண்டால், அடுத்த ஆண்டு அதே இடத்தைக் காண்பது கடினமன்று.

மனிதர் பொருட்டாகவும் இதைச் சொல்கிறோம். மட்டாஞ்சேரியில் நம் தெருவில் ஓர் ஆச்சி இருக்கிறார். திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, மணமான புதிதில் வில்லிங்டன் தீவுத் துறைமுக நிலையத்தில் வந்திறங்கி, படகேறி இவ்வூர் சேர்ந்தவர். பேரப்பிள்ளைகள் மலையாளப் பள்ளியில் படிக்கின்றனர்; ஆச்சி பேசும் தமிழில் பாதி அவர்களுக்கு விளங்குவதில்லை. பேரன் கைபேசியை முகத்துக்கு நேரே நீட்டிப் பலமுறை எடுக்க முயன்றான். ஆச்சி ஒவ்வொரு முறையும் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு சிலை போல் உட்கார்ந்துவிட்டார்.

சென்ற மாதம் நாம் நம் முக்காலியைக் கொண்டுபோய் அடுக்களை வாயிலோரம் நிறுத்தினோம். ஆச்சியின் கண்மட்டத்துக்கு உயரத்தை வைத்து, முகத்தில் குவியத்தையும் ஒளியளவையும் பூட்டி, சட்டைப் பையில் செருகும் சிறு ஒலிவாங்கியை அவர் தோளருகே பொருத்தினோம். பிறகு பேரனை அவர் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு விலகிவிட்டோம். அவன் கை காலியாக இருந்தது. முருங்கைக்கீரை ஆய்வதில் அவன் உதவிக்கு வர, ஆச்சி கருவியை மறந்தார்.

"இத யாருக்குடா காட்டப் போற?" என்றார்.

"அமெரிக்காவுல சித்திக்கு, ஆச்சி."

"அவளுக்கென்ன, நான் வந்த கத தெரியாதா?"

"எனக்குத் தெரியாதே."

அவ்வளவுதான். பித்தளைக் குடத்தைப் படகில் ஏற்றக் கூலி கேட்டது, முதல் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது, அண்டை வீட்டு அம்மச்சியிடம் சைகையால் உப்பு வாங்கியது எனச் சொல்லிக்கொண்டே போனார். நாற்பது நிமிடம் பதிவாயிற்று. படத்தில் அசைவன ஆச்சியின் விரல்களும் கீரைக் காம்புகளும் மட்டுமே. கையில் பிடித்து நாற்பது நிமிடம் எடுக்க எவராலும் இயலாது. எடுத்தாலும் பேரன் கேட்பவனாக இராமல் எடுப்பவனாகவே இருந்திருப்பான்.

இத்தகைய பதிவுக்கு முன் கைபேசியில் இடம் காலியாயிருக்கிறதா என்று பார்த்து, மின்னூட்டக் கம்பியை மாட்டியே வைக்க வேண்டும். அழைப்புகள் வராதபடி விமானப் பயண நிலையில் வைத்துவிடுவது நல்லது. மின்விளக்கடியில் படம் மினுக்கினால், நம் நாட்டு மின்சாரத்துக்கு ஏற்ப வினாடிக்கு 25 சட்டப்படம் என மாற்றிப் பார்க்கலாம். எடுத்ததை ஒரே இடத்தில் வையாமல் இரண்டு இடங்களில் படியெடுத்து, நாள், இடம், பேசியவர் பெயர் ஆகியவற்றை எழுதி வைக்க வேண்டும். அலுவலகப் பழக்கம் என்று நகைப்பவர் நகைக்கட்டும். முக்காலியின் கால்களையும் காயற்கரையிலிருந்து திரும்பியவுடன் நன்னீரில் துடைத்து உலர்த்துக. உப்பு ஏறினால் திருகுகள் ஓராண்டில் பிடித்துக்கொள்ளும்.

ஆச்சி அன்று களைத்துப் போனதால் கதை பாதியில் நின்றிருக்கிறது. வல்லார்பாடத்துக்கு முதன்முறை படகில் போனதை இனிமேல்தான் சொல்ல வேண்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை பேரன் அழைத்திருக்கிறான்.